கரண்ட் ஷாக்: புண் ஆறிய பிறகு தொடங்கும் பாதிப்பு

புழல் காவாங்கரையில் எங்கள் தெருவில் வெல்டிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். செங்குன்றம் பக்கம் ஒரு ஷெட்டில் வேலை செய்தபோது, அவர் தூக்கிப் பிடித்த இரும்புப் பைப் மேலே போன லைனில் பட்டுவிட்டது. “உள்ளங்கையில ஒரு ரூபா காசு அளவுக்குத்தாம்மா ஓட்டை. கால்ல இன்னொண்ணு. இதுக்குப் போய் எதுக்கு இத்தனை நாள் ஆஸ்பத்திரின்னு நெனைச்சேன்” என்பார்.

புண் ஆறியது. ஆறு மாதத்தில் விரல்கள் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்தன. அடுத்த வருடம் வலது கண்ணில் புகைமூட்டம் மாதிரி மறைத்தது. மாற்றுத்திறனாளி சான்றுக்குப் போனபோதுதான் சிக்கல் வந்தது. அவரிடம் இருந்த ஒரே சீட்டில் ‘தீக்காயம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எப்படி வந்த தீக்காயம், எங்கே, எந்த வேலையில் என்று ஒரு வரிகூட இல்லை. ஷெட் உரிமையாளர் ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்துவிட்டு, “போலீஸ் எல்லாம் வேணாம்ப்பா, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லியிருந்தார். தனக்கு நடந்தது மின் விபத்துதான் என்று நிரூபிக்கவே அண்ணனுக்கு எட்டு மாதம் ஓடிவிட்டது.

மின் தீக்காயத்தின் பாதிப்பு தாமதமாக வரும். அப்போது கேட்கப்படும் ஆவணங்கள் எல்லாம் முதல் வாரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியவை. வடசென்னையில் துறைமுகம், பட்டறை, அரிசி ஆலை, கட்டட வேலை என்று தினமும் கரண்டோடு புழங்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

வெளியே சின்னப் புண், உள்ளே பெரிய சேதம்

கொதிக்கும் எண்ணெய் பட்டால் காயம் தோலில் தொடங்கி உள்ளே போகும். கரண்ட் அப்படி இல்லை. ஓரிடத்தில் நுழைந்து, இன்னோர் இடத்தில் வெளியேறும். இடையில் நரம்பு, ரத்தக் குழாய், தசை வழியாகப் பாய்கிறது. எலும்பு கரண்டை எளிதில் கடத்தாது. அதனால் எலும்பை ஒட்டிய ஆழமான தசைகளில் சூடு ஏறி, அவை உள்ளுக்குள்ளேயே வெந்துபோகலாம். மேலே தோல் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். தோலில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்ற வழக்கமான கணக்கு இங்கே பாதிக் கதையைத்தான் சொல்லும்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் லைனில் பெரும்பாலும் 11,000 வோல்ட். 1,000 வோல்ட்டுக்கு மேல் என்றால் மருத்துவர்கள் ‘உயர் அழுத்த மின்காயம்’ என்று தனியாகப் பிரிக்கிறார்கள். கை கால் இழப்பு அதிகம் நேர்வது இதில்தான். அதற்காக வீட்டு கரண்ட் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி மாறுவது. அது பாயும்போது கைத்தசைகள் இறுகிக்கொள்ளும். விரலை மடக்கும் தசை, விரிக்கும் தசையைவிட வலுவானது. அதனால்தான் ஒயரைப் பிடித்தவரால் விட முடிவதில்லை. “கரண்ட் இழுத்துப் பிடிச்சிடுச்சு” என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாளில் குடும்பத்தினரைப் பயமுறுத்தும் இரண்டு விஷயங்கள் நடக்கலாம். ஒன்று, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது. சிதைந்த தசையின் நிறமிப் பொருள் சிறுநீரகத்துக்கு வந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. இன்னொன்று, வீங்கிய கையை டாக்டர்கள் நீளவாக்கில் வெட்டித் திறந்து வைப்பது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகாமல், கையைக் காப்பாற்றத்தான் அதைச் செய்கிறார்கள். “நல்லா இருந்த கையை வெட்டிட்டாங்க” என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்தச் சில மணி நேரத்தில்தான் கை தப்புமா என்பது முடிவாகிறது.

மாதங்கள் கழித்து என்னென்ன வரலாம்?

மூட்டு இறுக்கம்: ஆறும் தழும்பு சுருங்கிக்கொண்டே போகும். விரல், மணிக்கட்டு, முழங்கை, அக்குள் எல்லாம் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடலாம். பிசியோதெரபியும், கையை நேராக வைத்திருக்கும் பட்டைகளும் இதைத் தடுக்கத்தான். வீட்டுக்கு வந்ததும் அவற்றைக் கழற்றிப் போட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. முழங்கையைச் சுற்றி இருக்கக் கூடாத இடத்தில் எலும்பு வளர்ந்து, மூட்டு அசையாமல் போவதும் உண்டு.

நரம்புச் சேதம்: மரத்துப்போதல், எரிச்சல், பிடிமானம் குறைதல். சிலருக்கு முதுகுத்தண்டு நரம்பு பாதிப்பு மாதங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். நடை தள்ளாடினாலோ, காலில் பலம் குறைந்தாலோ ‘வயசாயிடுச்சு’ என்று விடாமல் பழைய விபத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கண் புரை: தலை, கழுத்து, தோள் பக்கமாகக் கரண்ட் பாய்ந்திருந்தால் புரை வரும் வாய்ப்பு அதிகம். சில வாரத்திலும் வரலாம், இரண்டு மூன்று வருடம் கழித்தும் வரலாம். இருபத்தைந்து வயதுக்காரருக்குப் புரை வந்தால் அது முதுமையால் அல்ல. விபத்து நடந்தவுடன் ஒரு முறை கண்ணைச் சோதித்து, அன்று பார்வை எப்படி இருந்தது என்று பதிவு செய்துகொள்ளுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடங்களில் இதைச் செய்யலாம். புரையை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும். விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டிருந்தால் அது நிரந்தரம்.

மனம்: சுவிட்சைத் தொடவே பயம், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, எரிச்சல், மறதி. இதுவும் மின்காயத்தின் பகுதிதான். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

ஸ்டான்லியில் நடந்தது

மின்சாரம் பறித்த கையை மருத்துவத்தால் எவ்வளவு தூரம் திருப்பித் தர முடியும்? ராயபுரத்தில், பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. கை சீரமைப்புக்கென்றே அங்கு தனி ஆய்வு மற்றும் மறுவாழ்வு நிலையம் உண்டு. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த துறை அது.

திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கட்டடத் தொழிலாளி ஒருவர், 2015-ல் வீடு கட்டும் வேலையின்போது மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்தார். சாப்பிட, குளிக்க, சட்டை போட, எல்லாவற்றுக்கும் அடுத்தவர் தயவு தேவைப்பட்டது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகளை 2018 பிப்ரவரி 7 அன்று ஸ்டான்லி மருத்துவர்கள் அவருக்குப் பொருத்தினார்கள். எலும்பு, ரத்தக் குழாய், நரம்பு, தசைநார் என்று ஒவ்வொன்றாக இணைக்கும் மணிக்கணக்கான வேலை அது. அதன் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. பின்னர் அதே மருத்துவமனையில் அவருக்கு அரசு வேலையும் கிடைத்தது.

இதை நாம் பெருமையோடு சொல்லலாம். ஆனால் இரண்டு விஷயங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கை மாற்று சிகிச்சை வெகு சிலருக்கே பொருந்தும். செய்துகொண்டவர் உடல் அந்தக் கையை நிராகரிக்காமல் இருக்க வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். கை இழந்த பெரும்பாலோருக்கு நடைமுறை வழி செயற்கைக் கைதான். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. இரண்டாவது, அவசர சிகிச்சைக்கு எங்கே போவது என்பதை முன்பே தெரிந்து வைத்திருப்பது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கெனத் தனிப் பிரிவு உண்டு. 108-ல் அழைக்கும்போதே “கரண்ட் அடிச்சிருக்கு” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

முதல் வாரத்தில் வாங்க வேண்டிய ஐந்து காகிதங்கள்

ஒன்று, ஏ.ஆர். காப்பி. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல். ‘மின்சாரம் தாக்கியது’ என்ற சொல், இடம், நேரம், செய்த வேலை எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நேராகக் கரண்ட் பாய்ந்ததா, தீப்பொறி வீச்சால் வெந்ததா, துணி பற்றி எரிந்ததா என்பதும் முக்கியம்.

இரண்டு, காவல் நிலைய ரசீது. சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். இதை முதலாளிமேல் பழி போடுவதாக நினைக்காதீர்கள். நடந்ததற்கான அரசுப் பதிவு அது.

மூன்று, மின் விபத்து அறிக்கை. மின்சாரச் சட்டம் 2003-ன் 161-வது பிரிவின்படி மின் விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல், 48 மணி நேரத்துக்குள் எழுத்து அறிக்கை என்று விதி சொல்கிறது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் நீங்களும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மின்னகம் எண் 94987 94987.

நான்கு, டிஸ்சார்ஜ் சம்மரியும் உள்நோயாளிக் கோப்பின் நகலும். உள்நோயாளிப் பதிவுகளை மருத்துவர்கள் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவ ஒழுங்கு விதி. மூன்று வருடம் தாண்டிவிட்டால் கோப்பு கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஐந்து, வேலைக்கான சான்று. வருகைப் பதிவு, கூலி போட்ட வங்கிக் கணக்கு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உடன் வேலை பார்த்தவர்களின் பெயர், எதுவானாலும் சரி.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் ஊர் நம் ஊர்.

சதவீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகை குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தீக்காயம் என்று அதில் தனி வகை கிடையாது. தீக்காயத்தால் கை, கால் இயக்கம் போயிருந்தால் அது ‘கை கால் இயக்கக் குறைபாடு’ என்ற வகையில் வரும். பார்வை போயிருந்தால் பார்வைக் குறைபாடு. பல சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் அவற்றைச் சேர்க்க ஒரு சூத்திரம் உண்டு. பெரிய சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். 90-லிருந்து அதைக் கழித்து, சின்ன சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும்.

ஒருவருக்குக் கையில் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கையை மட்டும் பார்த்தால் 40-க்குக் கீழே நின்றுவிடுவார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை முழுதாக, நிரந்தரமாகப் போயிருந்தால் அதற்கு 30 சதவீதம். 90-லிருந்து 35 போனால் 55. அதை 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 18.3. மொத்தம் 53.3. சதவீதம் 40-ஐத் தாண்டிவிட்டது! அதனால் கை, கண், நரம்பு என்று எது பாதித்திருந்தாலும் எல்லாவற்றையும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள்.

கை துண்டிக்கப்பட்டிருந்தால் நிரந்தரச் சான்று கேட்கலாம். சிகிச்சையால் மாறக்கூடிய நிலை என்றால் குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிகச் சான்று தருவார்கள். அது காலாவதி ஆகும் தேதியைக் குறித்துவைத்து, மறுமதிப்பீட்டுக்குப் போங்கள். விண்ணப்பத்தை ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் செய்ய வேண்டும். இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். ஒரு சின்னக் குறிப்பு: மாதவரம் வட்டம் 2018-ல் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் புழல்காரர்கள் சென்னை மாவட்டம் என்றே தேர்வு செய்யுங்கள். பழைய அட்டைகளில் ‘திருவள்ளூர்’ என்று இருந்தால் முதலில் அதைத் திருத்திவிடுவது நல்லது.

இழப்பீடு: யார் பொறுப்பு?

வேலையில் நடந்த விபத்து என்றால் முதலாளி பொறுப்பு. இடையில் மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ இருந்தாலும் மூல முதலாளி தப்ப முடியாது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கே போக வேண்டும். நிரந்தர ஊனத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்ற கணக்குப்படி மாதாமாதம் பணம் வரும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு. 1923-ம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய இந்த உரிமை, 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. முழு நிரந்தர ஊனத்துக்கு மாத ஊதியத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் ஊதியத்துக்கு 2020-ல் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்கு எண் 207.98. அப்படியானால் 9,000 × 207.98 = 18,71,820 ரூபாய். அட்டவணைப்படி இரண்டு கையும் போனால் 100 சதவீதம், ஒரு கை போனால் 60 சதவீதம், கட்டைவிரல் போனால் 30 சதவீதம் திறன் இழப்பு.

ஆனால் அட்டவணை கடைசி வார்த்தை அல்ல. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் 1968-ல் சினிமா தியேட்டர் வேலையில் கீழே விழுந்த தச்சர் ஒருவரின் இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது 100 சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் உறுதி செய்தது. மின்காயக்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பு மிக முக்கியம். விரல் எல்லாம் இருக்கும், ஆனால் பிடிமானம் இருக்காது. மருத்துவச் சான்றில் சதவீதத்தோடு, ‘வெல்டிங் மெஷினைப் பிடிக்க முடியாது’, ‘ஏணியில் ஏற முடியாது’ என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதித் தரக் கேளுங்கள். விண்ணப்பத்தை 2 ஆண்டுக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் தக்க காரணத்தைக் காட்டி மன்னிப்புக் கோரும் மனுவும் சேர்க்க வேண்டும்.

அறுந்து விழுந்த லைன், திறந்துகிடந்த மின்பெட்டி போன்றவற்றால் பொதுமக்கள் பாதிக்கப்பட்டால்? மத்தியப் பிரதேசத்தில் சைக்கிளில் வீடு திரும்பியவர் சாலையில் கிடந்த மின்கம்பியால் இறந்த வழக்கில், ஆபத்தான பொருளை விநியோகிக்கும் நிறுவனம் தன்மேல் தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. ஹரியானாவின் பானிபட்டில் மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் ஒரு காலையும் இழந்த சிறுவனின் வழக்கில், குறைக்கப்பட்ட இழப்பீட்டை 2014-ல் அதே நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. சட்ட உதவிக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம்.

கிடைக்கும் உதவிகள்

• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை.

• வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளி ஓய்வூதியம்: 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை: கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். இரண்டில் ஒன்றுதான் பெறலாம்.

• சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் இலவசப் பயணம்.

• அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு. ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்து ஊனமுற்றவரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 20-வது பிரிவு.

• கட்டட வேலை செய்பவர்களுக்கு நலவாரிய உதவி உண்டு. பதிவும் புதுப்பித்தலும் நடப்பில் இருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு பதிவு செய்து பயனில்லை.

கைரேகை இல்லாதவர்கள் என்ன செய்வது?

உள்ளங்கை வெந்தவர்களுக்கு ரேகையே அழிந்துபோகும். ரேஷன் கடை, வங்கி, சிம் கார்டு என்று எல்லா இடத்திலும் “ரேகை விழல, அப்புறம் வாங்க” என்ற பதில்தான். ஆதாரில் இதற்கு வழி உண்டு. விரல் இல்லாதவர்களும் ரேகை அழிந்தவர்களும் கருவிழிப் பதிவோடு ‘பயோமெட்ரிக் விதிவிலக்கு’ முறையில் பதிவு செய்யலாம், புதுப்பிக்கலாம். ஆதார் மையத்தில் இந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். போன் எண்ணையும் இணைத்துவிட்டால் ஓ.டி.பி. மூலம் பல வேலைகள் முடியும். ரேஷன் பொருளை வாங்க நம்பகமான ஒருவரை அங்கீகரித்து எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

வராமல் தடுக்க மூன்று வரி

மாடி எடுக்கும்போதும் சாரம் கட்டும்போதும் முதலில் மேலே பாருங்கள். 11,000 வோல்ட் லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், நேர் மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியை வீட்டிலும் பட்டறையிலும் பொருத்துங்கள்.

காவாங்கரை அண்ணனுக்குக் கடைசியில் கை கொடுத்தது அவருடைய உள்நோயாளிக் கோப்புதான். கேட்டு வாங்கும்போது மூன்று வருடம் முடிய ஒரு மாதம்தான் பாக்கி. அதில் ஒரு நர்ஸ் முதல் நாள் இரவு எழுதிய வரி இருந்தது: மேல்நிலை மின்கம்பி, இரும்புப் பைப், வெல்டிங் வேலை. அந்த ஒரு வரியை வைத்துத்தான் மாற்றுத்திறனாளி சான்றுக்கும், தாமத மன்னிப்போடு இழப்பீட்டுக்கும் மனு போட்டிருக்கிறார். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இழப்பீட்டு மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது.

“ஆஸ்பத்திரில இருந்து வர்றப்போ மருந்துச் சீட்டை மட்டும் பத்திரமா வெச்சிருந்தேன்மா. மத்த பேப்பரையும் கேட்டு வாங்கிக்கோன்னு அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார் அவர். உங்கள் தெருவிலும் கரண்ட் அடித்து வீடு திரும்பிய ஒருவர் இருப்பார். இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஐந்து காகிதங்கள் உள்ள பகுதியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.